விசாலத்துக்கு ஒரு வேலை

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இருந்த அந்தச் சேலைக்கடைக்கு இன்டர்வியூவுக்கு வந்த விசாலத்தோடு அம்மா மெய்யம்மையும் வந்திருந்தாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது?

முதலாளி கௌஸ், விசாலத்திடம் கேட்டார். "பத்து சேலை பிரிச்சுக் காட்டியும் ஒண்ணும் பிடிக்கலைன்னா என்னம்மா செய்வே?"

"முதல்ல காட்டினதையே திரும்பக் காட்டணும் பாய்," என்றாள் மெய்யம்மை. "மனசு அதுலதான் நிக்கும்."

"புருஷன் கூட வந்து அவசரப்படுத்தினா?"

விசாலம் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒரு நாற்காலியப் போட்டு, பால் ஊத்தாம சூடா ஒரு தே ஓ கலக்கிக் கொடுத்தா போதும் லா. மனுஷன் அசைய மாட்டாரு." பேசிக்கொண்டே, மேசையில் கலைந்து கிடந்த சேலைகளை மெய்யம்மை மடிக்க ஆரம்பித்திருந்தாள்.

கௌஸ் சிரித்துவிட்டார். விசாலம் ஒட்டிக் கொண்டுவந்திருந்த கவரைப் பிரித்து விண்ணப்பத்தைப் படித்தார்.

"திங்கட்கிழமையே வந்துடுங்க ஆச்சி."

"எத்தனை மணிக்கு அனுப்பட்டும் பாய்?"

"யாரை அனுப்பப் போறீங்க? இதுல மெய்யம்மை, வயசு நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. அது நீங்கதானே?"

மெய்யம்மை பாதி மடித்த சேலையோடு மகள் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் போன வாரமே லைப்ரரியில வேலை கிடைச்சிருச்சும்மா," என்றாள் விசாலம். "இது உங்களுக்காக எழுதினது. அப்பவே சொல்ல வந்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"