இன்றுதான்

பதிப்பு எண்ணைப் பூட்டி வைக்கும் லாக் ஃபைலில் 4.2 என்று இருந்தது.

மென்பொருளைக் கட்டித் தரும் பில்ட் சர்வர் எடுத்துக்கொண்டது 4.3.

அவள் இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்து மறுபடி பார்த்தாள். மதியம் மூன்று மணி. எதிர் மேசை ஒன்பது நாளாகக் காலி.

அது செல்வநாயகத்தின் மேசை. மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருளில் கடைசியாகக் கை வைத்தவர் அவர். அதை நம்பிய ஒரு மருத்துவமனையில் ஊசி மருந்து இரண்டு மடங்குக்கும் மேல் ஏறி, ஒரு பஸ் கண்டக்டருக்கு இரு காதும் கேட்காமல் போயிற்று. இனித் திரும்பாது என்றார்கள்.

பழி அவர் மேல் விழுந்தது. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் அவர் எழுதிய வரிகளில் பிழை இல்லை. பிழை, வெளியிலிருந்து இறக்கிச் சேர்க்கும் ஒரு சின்ன மென்பொருள் தொகுப்பில். அதன் புதிய பதிப்பு, நோயாளியின் எடையைக் கிலோவில் தராமல் பவுண்டில் தந்துவிட்டது.

எந்தப் பதிப்பு என்பதை மாறாமல் பிடித்து வைக்கத்தான் லாக் ஃபைல். வேறு பதிப்பு உள்ளே வந்தால், ஒரு சோதனை அதைக் கண்டு பில்டை நிறுத்திவிட வேண்டும்.

நிற்கவில்லை. அந்தச் சோதனையை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

யார் என்று மாற்றங்களின் பதிவில் தேடினாள்.

அவள் பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை. பில்ட் திரும்பத் திரும்ப நின்றுகொண்டிருந்தது. அன்றே அனுப்பியாக வேண்டும் என்று மேலாளர் இரண்டு முறை வந்து நின்றார். திங்கட்கிழமை திரும்பப் போட்டுவிடலாம் என்று சோதனையை எடுத்தாள்.

திங்கட்கிழமை மறந்துபோயிற்று.

படிக்கட்டுப் பக்கம் போய் செல்வநாயகத்தை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"மொத நாளே உன் பேரைப் பாத்துட்டேம்மா," என்றார். "நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன்."

தனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் அழைப்பை முடித்தாள்.

ஒன்பது நாளும் அந்தப் பதிவு அங்கேயேதான் இருந்தது. திறக்க அரை நிமிடம் போதும். தினமும் வேறு ஏதாவது வேலை இருந்தது.

இருக்கைக்குத் திரும்பி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினாள். முதலில் தன் பெயர். பிறகு நடந்தது.

'என் தவறு இன்றுதான் எனக்குத் தெரியவந்தது' என்று எழுதினாள்.

அந்த வரியை மறுபடி படித்தாள்.

'இன்றுதான்' என்பதை மட்டும் அழித்தாள்.