கேமராவுக்கு ஒரு கீ

மரக்காணம் உப்பளத்தின் எடைமேடை அறைக்குள் மூன்று மணி வெயில் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கிறது. உப்புக்காற்றில் மூன்றாவது மவுஸும் போய்விட்டது. இனி வாங்க முடியாது என்று முதலாளி வெங்கடாசலம் சொல்லிவிட்டதால், பூவிழி எல்லாவற்றுக்கும் கீபோர்டிலேயே ஷார்ட்கட் வைக்கிறாள். துருவேறிய டபிள்யூவும் சியும் அமுங்குவதில்லை. அதனால் லாரி எடைக்கு எல், கேமராவுக்கு கே. கண்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்துகிறாள். திரையில் பாத்திகள் விரிகின்றன. பெண்கள் கூடை சுமந்து வரப்பில் நடக்கிறார்கள். உப்புக் குவியலின் நிழலில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து, காலை நீட்டி, பாதத்தின் வெடிப்பைத் துணியால் இறுக்கிக் கட்டுகிறாள். பூவிழியின் அம்மா. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. "இன்னாம்மா, கேமரா வருதா? எவளாவது உக்காந்துனு இருக்காளா பாரு," என்றபடி வெங்கடாசலம் உள்ளே வருகிறார். பூவிழியின் விரல் பக்கத்து எழுத்தான எல்லுக்கு நகர்ந்து அழுத்துகிறது. கேமரா மறைந்து எடைக்கணக்கு வருகிறது. மேடையில் லாரி இல்லை. பச்சை எழுத்தில் வெறும் பூஜ்யங்கள். "இருந்த கீய லாரிக்கு வச்சிட்டேங்க," என்கிறாள், திரையைப் பார்த்தபடியே. "கேமராவுக்குத்தான் கீ ஒண்ணும் மிச்சமில்லீங்க. எல்லாத்தையும் உப்பு தின்னுடுச்சு."