கடைசிக் கம்பம்

மூன்று வருடம் காத்திருந்த பிறகு டெலிபோன் அனுமதி வந்துவிட்டது. ஆனால் லப்பைக்குடிக்காட்டின் கடைசிக் கம்பத்துக்கும் ஜைனம்புவின் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் வயலைக் கம்பி எப்படித் தாண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. துபாயிலிருக்கும் கணவர் ஹுமாயூனின் குரலைக் கேட்டு ஐந்து மாதமாகிறது. மாலை வெயிலில் லைன்மேன் அய்யம்பெருமாள் வரப்பைக் காலடியால் அளந்துவிட்டு, கம்பத்தடியில் நிற்கும் அவளிடம் திரும்புகிறார்.

"ஒம்போது கம்பம் நடணும் தங்கச்சி. ஒத்த வூட்டு போன் வாடகையில பத்து வருசமானாலும் அந்தச் செலவு திரும்பாதுன்னு ஆபீஸ்ல கைய விரிச்சுட்டாங்க."

"அப்ப நடுவுல நாலு பேர வூடு கட்டிக் குடிவரச் சொல்லட்டுங்களா அண்ணே?"

அவர் சிரிக்கிறார். அவள் சிரிக்கவில்லை. தலைக்கு மேல் கம்பி காற்றில் ரீங்கரிக்கிறது. அந்தக் கடைசிக் கம்பத்தடியிலேயே ஜைனம்பு வீட்டாரின் மோட்டார் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அவள் முந்தானையிலிருந்து அதன் சாவியை அவிழ்த்து நீட்டுகிறாள்.

"இதுவும் எங்க எடந்தானே? போன இங்கயே மாட்டுங்க."

வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்குக் கூப்பிடும்படி ஹுமாயூனுக்குக் கடிதம் எழுதிவிட்டு, அந்த நேரத்துக்கு அவள் கொட்டகையில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.