மூன்றரைக் கிலோவில் ஒரு கோடு

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே விழும் காலை வெளிச்சத்தில் தொங்கு தராசு ஆடுகிறது. அதன் துணித் தொட்டிலில், பிறந்து ஒரு மணி நேரமே ஆன ஆட்டுக்குட்டி ஈரத்தோடு கால் உதைக்கிறது. முள் ஆடி ஆடி, மூன்றரைக் கிலோவில் பண்ணைக்காரி வரைந்து வைத்திருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. பண்ணையின் பெரிய கிடாவுக்குப் பிறந்ததில் கோட்டைத் தாண்டிய ஐந்தாவது குட்டி இது. வைக்கோலில் தாயாடு தலை தூக்க முடியாமல் கிடக்கிறது. குட்டியை இழுத்தெடுத்த தம்பிக்கு முழங்கை வரை ரத்தம். "எரநூறு கிராம்தானேக்கா கூட? நம்ம கிடாவோட குட்டிங்க மாதிரி மளமளன்னு வளர்றது எது? பாலுக்கும் கொறையில்ல," என்கிறான். "வளர்த்தி ஏறட்டும், பால் ஏறட்டும். பொறக்கிறப்போ இருக்கிற எடை மட்டும் ஏறவே கூடாது. பெத்துட்டு ஆடு செத்துப்போச்சுன்னா பாலை எங்க போய்க் கறப்ப?" அவள் சிவப்புச் சாய டப்பாவைத் திறக்கிறாள். தடுப்புக்கு மேல் தலையை நீட்டிய கிடா, வழக்கம்போல் அவள் சட்டை நுனியைக் கடித்து மெல்லத் தொடங்குகிறது. புட்டிப்பாலில் அவள் வளர்த்த கிடா. "இவன் பொறந்தப்பவே முள்ளு தாண்டுச்சு. இவன் அம்மா அன்னைக்கே போச்சு. பாவம்னு நான்தான் இவனக் கழிக்காம கண்ண மூடிக்கிட்டேன்." இடது கையால் அதன் காதடியைச் சொறிந்துகொண்டே, வலது கையால் அதன் முதுகில், மந்தையிலிருந்து கழித்து அனுப்ப வேண்டிய ஆட்டுக்கு இடும் சிவப்புக் குறியை அழுத்தி இழுக்கிறாள். சட்டை நுனி இன்னும் அதன் வாயில் இருக்கிறது.