சந்தையில் பிடிபட்டவனின் யோகம்

ஞானையனின் படம் வந்திருந்த பத்திரிகையைக் கனகதாஸ் நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டான். மனைவி சரோஜம் கஞ்சிப் பானையை நகர்த்தி வைத்தாள்.

பாறசாலை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் கனகதாஸ். பன்னிரண்டு வருடமாகச் சென்னைப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிக்கொண்டிருந்தான். தபால்காரர் தங்கப்பன் தூரத்தில் வரும்போதே, "திரும்பி வந்திருக்கு சாரே" என்று கவரை ஆட்டிக் காட்டுவார்.

ஞானையனோ சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவன். கனகதாசோடு ஐந்தாம் கிளாஸ் வரை படித்ததோடு சரி. போன வருடம், எல்லைப் போராட்டம் மூண்ட சமயத்தில், போலீஸ் அவனைச் சந்தையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. எட்டு மாதம் ஜெயிலில் கிடந்தான். வெளியே வந்ததும் அங்கே பட்டதை அப்படியே எழுதி அனுப்பினான். முதல் கதைக்கே பரிசு.

இந்தத் தமிழ்ப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அப்போது கிராமம் கிராமமாக ஒட்டிய நோட்டீஸை எழுதியது கனகதாஸ்தான். அதில் பெயர் போடவில்லை. போலீஸ் சந்தைக்கு வந்த வாரம் முழுக்கக் காரக்கோணத்தில் மாமனார் வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தான். அந்தக் காய்ச்சல் மட்டும் வராதிருந்தால் ஜெயிலும் கதையும் தனக்கே கிடைத்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் சர்ச் மைதானத்தில் ஞானையனுக்குப் பாராட்டுக் கூட்டம். கூட்டம் கலைகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற கனகதாஸ், நேரே அவன் முன்னால் போய் நின்றான்.

"எலே, உனக்கு எழுத்தைப் பற்றி என்னலே தெரியும்? நான் காய்ச்சல்ல கிடந்தேன், நீ சந்தையில நிண்ண. உனக்க யோகமாக்கும் அச்சாகியிருக்கு, கதை இல்ல."

ஞானையன் மறுக்கவில்லை. யோகம்தான் என்று ஒத்துக்கொண்டான். அது கனகதாசை இன்னும் கொதிக்க வைத்தது. சந்தையில் முப்பது பேரைப் பிடித்தார்கள், இருபத்தொன்பது பேரை மறுநாளே விட்டுவிட்டார்கள், உன்னை மட்டும் எட்டு மாதம் வைத்துக்கொண்டார்களே, அது என்ன அப்படி ஒரு யோகம் என்று கேட்டான்.

ஞானையன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நோட்டீசு எழுதினது ஆருண்ணு கேட்டாவ மக்கா. நான்தான்ணு சொன்னேன்."