ரவிக்கைக் கொக்கி

மேசையிலிருந்து விழுந்ததில் பொம்மை ரயிலின் சரக்குப் பெட்டிக்குக் கொக்கி உடைந்துவிட்டது. மாற்றுக் கொக்கிக்காகத் தணிகைவேல் ஏறி இறங்காத கடையில்லை. அவர் புலம்பல் தாங்காமல், மனைவி பூங்கோதை தன் பழைய ரவிக்கையிலிருந்து ஒரு கொக்கியைப் பிய்த்துக் கொடுத்தாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திவிட்டது.

மறுவாரம் கல்யாணத்துக்குக் கிளம்ப அவள் பீரோவைத் திறந்தால், ஒரு பட்டு ரவிக்கையிலும் கொக்கியே இல்லை. ஊக்குகளை வாயில் கவ்வியபடி கூடத்துக்குப் பாய்ந்தாள். பரணில் கொக்கி உடைந்து கிடந்த ரயில் பெட்டிகளெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டிலடியிலிருந்து வந்துகொண்டே இருந்தன. தணிகைவேல் பயந்துபோய்ச் சுவிட்சில் கை வைத்தார்.

பூங்கோதை ஊக்குகளை எடுத்துவிட்டுச் சொன்னாள்: “நிறுத்தினீங்கன்னா தெரியும் சேதி! கடைசிப் பெட்டி இன்னும் வரல.”

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.