பேருந்தில் பிடிபட்ட வயர்லெஸ்

பாலக்கோடு போகும் பேருந்தில், ரேடியோ மெக்கானிக் ஜமீரின் மடியில் பழுது பார்த்த டிரான்சிஸ்டர் இருக்கிறது. குமிழைத் திருப்புகிறார், பாட்டுக்குப் பதில் போலீஸ் வயர்லெஸ் கரகரக்கிறது. பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் விழித்துக்கொள்கிறார். "இதைக் கேக்கறதே சட்டப்படி குத்தம். கொண்டா இப்படி!" அவர் கை நீளும்போதே பெட்டிக்குள் இன்ஸ்பெக்டர் உறுமுகிறார்: "நானூத்திப் பன்னெண்டு தக்காளிச் சந்தையில நிக்கறாரா?" இன்னொரு குரல் கூசாமல் சொல்கிறது: "நிக்கறாருங்கய்யா, இப்பத்தான் பாத்தேன்." "இருக்கச் சொல்லு. அங்கதான் வரேன்." கூடைகளுக்கு மேலாக எல்லாக் கண்களும் கான்ஸ்டபிளின் தோளில், சன்னல் வெயிலில் மின்னும் பித்தளை எண்ணுக்குப் போகின்றன: 412. ஜமீர் பணிவாகக் குமிழைத் தொடுகிறார். "அணைச்சிடட்டுங்களா சார்?" "ஐயோ, வேணாம் பாய். சத்தத்தக் கூட்டுங்க. எந்த ரோட்டுல வராருன்னு சொல்லட்டும்."